முதல் கயிறு

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்குக் குதிரை இல்லாமல் ஒரு நாளும் காலம் தள்ள முடியாது. கதாநாயகன் காட்டுப் பாதையில் தனியாக வரவேண்டுமானால் குதிரை வேண்டும். ஒற்றன் ஓலையோடு தப்பி ஓடவேண்டுமானால் குதிரை வேண்டும். அத்தியாயத்தை எப்படி முடிப்பது என்று தோன்றாமல் திண்டாடுகிற நள்ளிரவில், தூரத்தில் ஒரு குளம்புச் சத்தத்தைக் கேட்கச் செய்தால் போதும், அடுத்த இதழ் வருகிற வரையில் வாசகர்களுக்குத் தூக்கம் இராது. இவ்வளவு உபகாரம் செய்கிற பிராணி எங்கே பிறந்தது, யார் வளர்த்தார்கள், அதன் தலையில் முதன் முதலாகக் கயிறு மாட்டியவன் யார் என்று நாங்கள் எழுதுவதும் இல்லை. நீங்கள் கேட்பதும் இல்லை. நாவலில் வருகிற குதிரை சேணத்தோடும் கடிவாளத்தோடும் பிறந்துவிடுகிறது!

நாவலை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பாய்கிற கற்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தனையும் வளர்ந்து முற்றிய குதிரைகள். ஊர் எல்லையில் அய்யனாருக்குக் காவலாக நிற்கும் மண்குதிரைகளும் அப்படியே. மாணிக்கவாசகரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னையெல்லாம் அவர் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டுவிட்டார். பக்தனைக் காப்பாற்றச் சிவபெருமானே நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிக்கொண்டு வருகிறார். எந்த வேஷத்தில் வருகிறார்? குதிரை வளர்க்கிற வேஷத்தில் அல்ல. குதிரை விற்கிற வர்த்தகனின் வேஷத்தில்! ஆண்டவனுக்கும் தமிழ் நாட்டு வழக்கம் தெரிந்திருக்கிறது.

அந்த வழக்கம் என்ன? குதிரை என்றால் கப்பலிலிருந்து இறங்குவது. பட்டினப்பாலை காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல் வழியாக வந்து இறங்கின. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு பாண்டியர்கள் மதுரையிலிருந்து ஆண்டபோதும் அப்படித்தான். துறைமுகம் மட்டும் மாறிவிட்டது. தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக்கு அருகே காயல் என்னும் பட்டினத்தில், ஹோர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வந்த மரக்கலங்கள் குதிரைகளை இறக்கின. 1292-ஆம் ஆண்டை ஒட்டி அந்தக் கரைப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்துப் பிரயாணி மார்க்கோ போலோ, குதிரை வியாபாரத்தைப் பற்றி எழுதியிருப்பது வயிற்றெரிச்சலைக் கிளப்பக்கூடிய செய்தி. பாண்டிய அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் பார்த்தால் அவற்றில் நூறு கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார். ஒரு குதிரையின் விலை நூறு மார்க் வெள்ளிக்கு மேல். மார்க் என்பது அரை பவுண்டு எடை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிரயாணிகள் கொஞ்சம் கூட்டிச் சொல்வது உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் மார்க்கோ போலோவுக்குச் சாட்சி இருக்கிறது. அவரை ஒருபோதும் சந்தித்திராத பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாப் என்பவரும் இதையே எழுதுகிறார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் என்று விலை பேசி ஒப்பந்தமாம். கீஷ் தீவின் வர்த்தகத் தலைவர் ஜமாலுதீன் தம்முடைய லாயத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப வேண்டும். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டிய அரசாங்கம் விலை கொடுத்துவிட வேண்டும்! இப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மந்திரி யார் என்று பார்த்தால், அந்த ஜமாலுதீனின் சகோதரர் தக்கியுதீனே பாண்டியரிடம் மந்திரியாக இருந்தார். நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

காயலில் இறங்கிய பிறகு குதிரைகளுக்கு நேர்ந்ததையும் வஸ்ஸாப் சொல்கிறார். பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயில் சமைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கிறார்கள். லாயத்தில் முளையடித்து, கயிறுகளால் கட்டி, நாற்பது நாள் அசையவிடாமல் நிறுத்திக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு, பழக்குவது என்ற பேச்சே இல்லாமல், வீரர்கள் பேய்களைப் போல் மேலே ஏறி விரட்டுகிறார்கள். சில காலத்துக்குள் சுறுசுறுப்பான நல்ல குதிரை பலவீனப்பட்டு, மந்தமாகி, புத்தி கெட்டு, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுகிறது. மார்க்கோ போலோ சோற்றோடு வேக வைத்த இறைச்சியையும் கலந்து கொடுப்பதாக எழுதுகிறார். இன்னொன்றும் சொல்கிறார்: குதிரை வைத்தியம் தெரிந்த லாடக்காரர்கள் அந்த நாட்டுக்குப் போய்விடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு யார் வாங்குவார்கள்?

அன்பு குறைவினால் நடந்தது அல்ல இது. வெண்ணெயும் பாலும் கொடுக்கிறவனை அன்பில்லாதவன் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை உபசரிக்கிற மாதிரி குதிரையை உபசரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கே அது சில சமயம் ஜீரணமாவதில்லை.

சரி, வந்த குதிரை சாகிறது. இங்கேயே குட்டி போட வைத்து வளர்க்கக் கூடாதா? அந்தக் கேள்விக்கும் மார்க்கோ போலோவிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. நல்ல ஜாதி ஆண் குதிரையோடு நல்ல ஜாதிப் பெட்டைக் குதிரை சேர்ந்தாலும் இந்த நாட்டில் பிறப்பது கால் கோணிய, சவாரிக்கு உதவாத அற்பக் குட்டிதான் என்கிறார். தமிழ் நாட்டில் பிறந்த குதிரைக்குட்டியைப் பற்றி அயல்நாட்டான் ஒருவன் எழுதிவைத்த செய்தி இவ்வளவே. படிக்கிறபோது எனக்கு அந்தக் குட்டியின் மீதுதான் பரிதாபம் உண்டாகிறது. சீதோஷ்ணத்தின் மேல் பழி போடுவது சுலபம். கடற்கரைத் தாலுகாக்களில் குதிரைக்கு ஏற்ற புல் இல்லை என்பதும், ஈரமான வெப்பம் அதற்கு ஆகாது என்பதும் உண்மைதான். ஆனால் சோற்றிலும் வெண்ணெயிலும் வளர்ந்த தாயின் வயிற்றில் பதினொரு மாதம் கிடந்து, பிறந்த பின் ஓடியாட இடமில்லாமல் முளையில் கட்டப்பட்ட குட்டிக்குக் கால் வேறு எப்படி இருக்கும்?

நம்மவர்களிடம் சாஸ்திரம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சாலிஹோத்திரர் பெயரிலும் நகுலன் பெயரிலும் அசுவ சாஸ்திரங்கள் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அசுவாத்தியட்சர் என்ற அதிகாரிக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. (வெகு காலம் காணாமற்போயிருந்த அந்த நூலின் சுவடி தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவரிடமிருந்து மைசூர் நூல் நிலையத்துக்குப் போய், சாமசாஸ்திரிகளால் 1909-ல் அச்சேறிற்று என்பதில் நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) குட்டி ஈன்ற குதிரைக்கு மூன்று நாள் ஒரு பிரஸ்தம் நெய் கொடு, பிறகு பத்து நாள் மாவும் மருந்துத் தைலமும் கொடு, பத்து நாளான குட்டிக்கு மாவில் நெய் கலந்து கொடு, ஆறு மாதம் வரையில் தினம் ஒரு பிரஸ்தம் பால், அதற்கு மேல் வாற்கோதுமை, நாலைந்து வயதில் வேலைக்கு ஆகும் என்று கச்சிதமாகப் பட்டியல் போட்டிருக்கிறார். பிற்காலத்துச் சாஸ்திரங்களோ சுழியில் இறங்கிவிட்டன. நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எந்தப் பக்கம், எந்தச் சுழி எஜமானுக்கு ஆகாது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். குட்டியின் தோலில் சுழி தேடின கண்கள், அதே குட்டி மனிதனைக் கண்டு ஏன் மிரளுகிறது என்று கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

அதைப் பார்த்தவர்கள் வேறு இருவர். ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாத பாலைவனத்து அரபி. மற்றவர் பிளேட்டோவோடு ஸாக்ரதரின் காலடியில் உட்கார்ந்த கிரேக்கர்.

அரபியை முதலில் பார்க்கலாம். பெட்ரா என்னும் பாறை நகரத்தை 1812-ல் ஐரோப்பாவுக்குத் தெரியச் செய்தவர் பர்க்ஹார்ட் என்ற சுவிட்ஸர்லாந்துக்காரர். அரபு உடையில், அரபிப் பெயரில் திரிந்து, முப்பத்து மூன்றாவது வயதிலேயே கெய்ரோவில் காலமானார். அவர் இறந்த பிறகு 1830-ல் வெளியான பதூயின்களைப் பற்றிய குறிப்புகளில் குதிரைக்குட்டி பிறப்பது ஒரு பெரிய வைபவமாகவே வருகிறது. குட்டியைத் தரையில் விழவிடமாட்டார்களாம். கைகளிலே ஏந்திக்கொள்வார்கள். பல மணி நேரம் மடியில் வைத்துத் துடைத்து, மெல்லிய கால்களை நீவிவிட்டு, பச்சைக் குழந்தையைப் போல் கொஞ்சிய பிறகே தரையில் நிறுத்துவார்கள். அது தள்ளாடி எடுத்து வைக்கிற முதல் அடிகளைப் பார்த்து, இது பின்னால் எப்படி ஆகும் என்று ஜோசியம் சொல்வார்கள். தாயிடம் பால் குடிப்பது முப்பது நாள். பிறகு ஒட்டகப் பால். கூடாரத்தின் நிழலிலேயே, குழந்தைகளின் கால்களுக்கு நடுவிலேயே அது வளர்கிறது. அதன் தலையில் கயிறு மாட்டப்படுகிற நாளில் அதற்கு அது ஒரு புதிய விஷயமாகவே படுவதில்லை. மனிதனின் கை அதற்கு முன்பே உடம்பு முழுவதும் பழகிவிட்டது.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பதூயினுக்குப் பெட்டைக் குதிரைதான் செல்வம். வம்சம் அதன் வழியாகத்தான் கணக்கு. ஆண் குதிரையை விற்பான். பெட்டையை விற்க மனம் வராது. விற்க நேர்ந்தாலும் பிறக்கப்போகும் குட்டியில் பங்கு வைத்துக்கொண்டு விற்பான். ஆகவே காயல் துறைக்கு வந்து இறங்கியவை பெரும்பாலும் ஆண் குதிரைகளாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். குதிரை கப்பலேறியது, குதிரை வளர்க்கும் வித்தை கூடாரத்தின் வாசலிலேயே நின்றுவிட்டது.

கிரேக்கர் ஸெனோபனுடைய கதை வேறு. அவர் ஒரு குதிரைப்படைத் தளபதி. பாரசீகத்தில் சிக்கிய பதினாயிரம் கிரேக்க வீரர்களைக் கருங்கடல் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தவர்களில் ஒருவர். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நாலாம் நூற்றாண்டில், வயதான பிறகு, குதிரையைப் பற்றிச் சின்ன நூல் ஒன்று எழுதினார். அவருக்கும் முன்னால் ஸைமன் என்ற ஏதென்ஸ்காரர் எழுதியிருக்கிறார். ஸெனோபன் அதை ஒப்புக்கொண்டே ஆரம்பிக்கிறார். படைத்தலைவன் எழுதிய நூல் என்றால் சாட்டையும் முள்ளும் நிறைந்திருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை.

குட்டி வாங்கப் போகிறவனுக்கு அவர் சொல்கிற முதல் புத்தி, காலைப் பார் என்பது. பிறக்கும்போதே குட்டியின் கணைக்கால் நீளம் அநேகமாக முழு வளர்ச்சி பெற்றிருக்கும். உடம்புதான் பின்னால் கால்களுக்கு ஏற்றபடி வளர்ந்து வரும். ஆகையால் காலைப் பார்த்து உயரத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார். குதிரைக்குட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் கால்கள் வேறு யாரிடமோ இரவல் வாங்கியவை போல் இருக்கும். பிறகு, பழக்குகிறவனிடம் குட்டியை ஒப்படைக்கிற விஷயம். பையனைத் தொழில் கற்க விடுகிறபோது இன்னின்னது கற்றுத் தர வேண்டும் என்று எழுதிக்கொள்வதில்லையா, அதேபோல் இதற்கும் எழுதிக்கொள் என்கிறார். ஆனால் ஒப்படைப்பதற்கு முன்பே வீட்டில் ஒரு வேலை முடிந்திருக்க வேண்டுமாம். குட்டிக்கு மனிதனிடம் பிரியம் உண்டாகியிருக்க வேண்டும். அதற்கு அவர் சொல்கிற உபாயம்தான் அழகு. பசியும் தாகமும் ஈக்கடியும் குட்டி தனியாக இருக்கும்போது வரட்டும். தீனியும் தண்ணீரும் ஈக்கடியிலிருந்து விடுதலையும் மனிதனோடு சேர்ந்து வரட்டும். குதிரைக்காரன் இவ்வளவு செய்தால் போதும். குட்டி மனிதனை நேசிக்கும் என்பதோடு, அவனைக் காணாமல் ஏங்கவும் தொடங்கும் என்கிறார்.

எங்கே தடவ வேண்டும் என்று கூட எழுதியிருக்கிறார். மயிர் அடர்ந்த இடங்களில். நோவு உண்டானால் குதிரையே எட்டிச் சொறிந்துகொள்ள முடியாத இடங்களில். கூட்டத்தின் நடுவே நடத்திக் கொண்டு போ. பலவிதக் காட்சிகளையும் சத்தங்களையும் பழக்கு. குட்டி பயந்தால் அதட்டாதே, பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாகக் காட்டு. கோபத்தோடு குதிரையை அணுகவே அணுகாதே. அடித்துச் செய்விக்கிற காரியத்தில் குதிரைக்குப் புரிவது எதுவும் இல்லை. நாட்டியக்காரனைச் சாட்டையால் அடித்து ஆட வைத்தால் எவ்வளவு அழகு இருக்குமோ அவ்வளவு அழகுதான் அதிலும் இருக்கும். இந்தக் கடைசி உபமானம் அந்தப் பழைய ஸைமனுடையது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டியதில்லை. இதையெல்லாம் எழுதிய ஊரில்தான் அடிமைகளும் இருந்தார்கள் என்பதையும், அந்த நூலில் பேசப்படுகிற குதிரைக்காரனே அநேகமாக ஓர் அடிமைதான் என்பதையும் மறக்கக் கூடாது.

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. குட்டிக்குக் கயிறு கட்டும் வழக்கம் சவாரிக்காக ஏற்பட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1253-ல் மங்கோலியரின் சக்கரவர்த்தியைப் பார்க்கப் புறப்பட்ட ரூப்ரூக் என்ற பாதிரியார் வேறு ஒரு காட்சியை வர்ணிக்கிறார். இரண்டு முளைகளுக்கு நடுவில் நீண்ட கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் வரிசையாகக் குட்டிகளைக் கட்டிவிடுகிறார்கள். தாய்க் குதிரைகள் குட்டியை விட்டு அகலாமல் பக்கத்திலேயே நின்று பால் கறக்க இடம் கொடுக்கின்றன. அந்தப் பாலைப் புளிக்க வைத்தால் குமிஸ் என்ற பானம். நம் வீட்டுக் கொட்டிலில் கன்றைக் கட்டிப் பசுவைக் கறக்கிற அதே தந்திரம். கஸாக்ஸ்தானில் போடாய் என்னுமிடத்தில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகளில் குதிரைப் பாலின் கொழுப்பு ஒட்டியிருப்பதாக 2009-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். போடாய்க் குதிரைகள் இன்றைய குதிரைகளின் முன்னோர் அல்ல, நம் குதிரைகள் வோல்கா, டான் நதிகளின் பிரதேசத்திலிருந்து பரவியவை என்று பிற்பாடு மரபணு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. இருந்தாலும் என் மனசு பால் கறந்தவன் பக்கமே சாய்கிறது. குதிரையின் முதுகில் முதலில் ஏறியவன் ஒரு வீரனாக இருக்கலாம். குட்டியின் தலையில் முதல் கயிற்றை மாட்டியது, கையில் பால் பாண்டத்தோடு வந்த ஒரு பெண்பிள்ளையாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

கயிறு மாட்டுவது எப்படி என்பதைப் புத்தகத்தில் படித்தால் போதாது. ஓசூருக்கு அப்பால் தனியார் பண்ணை ஒன்றில் நான் நேரில் பார்த்தேன். குட்டிக்கு வயது நாலு நாள். குதிரைக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவர் தகப்பனார் சென்னையில் ஜட்கா ஓட்டியவராம். குட்டி என்னைக் கண்டதும் தாயின் மறுபக்கம் ஒளிந்துகொண்டது. நான் எட்டிப் பார்த்தேன். “குட்டியைப் பார்க்காதீங்க, சாமி. தாயைப் பாருங்க” என்றார் அவர். தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்த் தாயின் கழுத்தையும் முதுகையும் தேய்க்கத் தொடங்கினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். குட்டி தாயின் வயிற்றுக்கடியிலிருந்து மூக்கை நீட்டி அவருடைய முழங்கையை மோந்து பார்த்தது. அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கை தானாக நழுவியதுபோல் குட்டியின் வால் அடிப் பக்கம் போய்ச் சொறிந்தது. குட்டி மேலுதட்டை நீட்டிக் கோணிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

பிறகுதான் தலைக்கயிறு. கயிறு என்கிறேனே தவிர, அது பருத்தி நாடாவில் தைத்தது. கயிற்றின் முறுக்கு இளந்தோலை அறுக்கும் என்றார். ஒரு கை மார்புக்கு முன்னால், ஒரு கை பின்புறத்தில். குட்டியைப் பிடிக்கவில்லை, வேலி கட்டினார். மூக்கின் வழியாக மெல்ல ஏற்றி, காதுக்குப் பின்னால் முடிந்து, ஐந்து நிமிஷம் வைத்திருந்து கழற்றிவிட்டார். அன்றைய பாடம் அவ்வளவே. கழற்றாமல் விட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். குட்டி பின்னங்காலால் காதைச் சொறியும்; குளம்பு நாடாவில் மாட்டிக்கொண்டால் கழுத்து முறியும் என்றார்.

நடக்கப் பழக்குவதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்தால் குட்டி பின்னால் இழுக்கும். அது குட்டியின் பிடிவாதம் அல்ல, சுபாவம். கழுத்தெலும்பு இளசு, பலமாக இழுத்தால் இரண்டு காலில் எழும்பி மல்லாந்து விழுந்து பிடரியில் அடிபடும். ஆகவே மற்றொரு மெத்தென்ற கயிற்றைக் குட்டியின் பின்புறத்தைச் சுற்றிப் போட்டு, அதைத்தான் லேசாக இழுக்கிறார்கள். தலையில் உள்ள கயிறு தளர்ந்தே இருக்கும். முன்னால் ஒருவன் தாயை நடத்திக்கொண்டு போகிறான். குட்டி ஓர் அடி எடுத்து வைத்தால் அந்த க்ஷணமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்ச்சிதான் பரிசு. குட்டி கற்றுக்கொள்வது இழுப்பிலிருந்து அல்ல, இழுப்பு நின்றுபோவதிலிருந்து. ஒரு விநாடி தாமதித்தாலும் தான் செய்த காரியத்துக்கும் கயிறு தளர்ந்ததற்கும் அதற்குச் சம்பந்தம் தெரியாது. காலைத் தூக்கிப் பழக்குவதும் இதே கணக்குத்தான். குட்டி உதறுவதற்கு முன் நாமாகக் கீழே வைத்துவிட வேண்டும். உதறினால் காலை விடுவார்கள் என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால், ஐந்நூறு கிலோ எடை ஆன பிறகும் அது மறக்காது. நாலு நாள் குட்டியின் எடை தாயின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மனிதனுக்குக் குதிரையை விட அதிக பலம் இருக்கிற காலம் அந்தச் சில வாரங்கள் மட்டுமே.

காயலில் நாற்பது நாள் முளையில் கட்டினார்கள் என்று வஸ்ஸாப் எழுதியதை இங்கே நினைத்துப் பாருங்கள். அங்கேயும் கயிறு இருந்தது. தளர்த்துகிற கை இல்லை. அவ்வளவு பொன்னைக் கொட்டிச் சேர்த்த குதிரைப் படை, 1311-ல் மாலிக் கபூர் வந்தபோது மதுரையைக் காப்பாற்றவில்லை. தெற்கிலிருந்து அவன் கொண்டுபோன குதிரைகள் ஐயாயிரம் என்று அமீர் குஸ்ரு சொல்கிறார். இருபதினாயிரம் என்கிறார் பரணி. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், பாண்டிய நாட்டு நெல்லும் முத்தும் விலையாகப் போய் வாங்கிய குதிரைகள் கடைசியில் டில்லி லாயத்தில் கொள்ளு தின்றன.

ஆங்கிலேயர்கள் வந்தும் இந்த விஷயத்தில் பெரிய மாறுதல் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்துக் குதிரைப் பண்ணையை நடத்த 1808-ல் மூர்க்ராஃப்ட் என்ற மிருக வைத்தியரை வரவழைத்தது. நல்ல இனவிருத்திக் குதிரை தேடி அவர் புகாரா வரையில் போய், திரும்பும் வழியில் 1825-ல் இறந்தார். 1824-ல் சென்னை ராணுவத்துக்காக ஓசூரை அடுத்த மத்திகிரியில் குதிரைப் பண்ணை ஏற்பட்டது. மேட்டு நிலம், குளிர்ந்த காற்று, புல் எல்லாம் உண்டு. இருந்தும் ராணுவத்தின் தேவைக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸிலிருந்து ‘வேலர்’ குதிரைகள் ஆயிரக்கணக்கில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தன. காயலுக்குப் பதில் சென்னை. ஹோர்முஸுக்குப் பதில் சிட்னி.

மேல்நாட்டில் இதற்கிடையே குதிரை பழக்குவது ஒரு கண்காட்சியாகவே ஆகிவிட்டிருந்தது. 1858-ல் ரேரி என்ற அமெரிக்கர் லண்டனுக்கு வந்து, ஒருவரும் கிட்டப் போக முடியாத ‘க்ரூஸர்’ என்ற முரட்டுக் குதிரையைச் சில மணி நேரத்தில் வசப்படுத்தி, விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் வித்தை காட்டினார். பரபரப்பான கதை, நாவலுக்கு உதவும். முரடாகிப்போன குதிரையை வழிக்குக் கொண்டுவருவது சாமர்த்தியம்தான். ஆனால் அது முரடாகாமலே பார்த்துக்கொண்ட குதிரைக்காரனை எந்த மகாராணியும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

கான்ரட் லாரென்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி, முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சு முதலில் கண்டவரையே தாயாக நினைத்துப் பின்தொடரும் என்று 1935-ல் விளக்கினார். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு, கலிபோர்னியாவில் மிருக வைத்தியர் ராபர்ட் மில்லர் 1991-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். குட்டி பிறந்த முதல் மணி நேரத்திலேயே அதைப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டு, காது, மூக்கு, வாய், குளம்பு என்று ஒவ்வோர் இடத்தையும், குட்டி எதிர்ப்பதை விடுகிற வரையில், திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும் என்பது அவர் முறை. பதூயினின் மடியை விஞ்ஞானமாக்கிவிட்டோம் என்று பலர் மகிழ்ந்தார்கள். உலகெங்கும் பண்ணைகளில் இது பரவிற்று. ஆனால் பதூயின் கொஞ்சினான், இது அடக்குவது. சில மாதம் கழித்துப் பரீட்சை செய்தபோது, அப்படிப் பழக்கிய குட்டிகளுக்கும் சும்மா விட்ட குட்டிகளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை என்று ஆராய்ச்சிகள் வந்தன.

பிரான்ஸ் தேசத்தில் ரென் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர்கள் குட்டியைத் தொடவே இல்லை. குட்டி பிறந்த முதல் ஐந்து நாட்களில், தினம் பதினைந்து நிமிஷம், தாய்க் குதிரையை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுத்தார்கள். கையால் தீனி ஊட்டினார்கள். குட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வேறு சில தாய்களின் அருகே ஒருவர் சும்மா நின்றதோடு சரி. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, தேய்த்துக் கொடுக்கப்பட்ட தாய்களின் குட்டிகள் தாங்களாகவே மனிதனிடம் வந்து மோந்து பார்த்தன. முதுகில் துணி மெத்தையைப் போட்டபோது சீக்கிரமே ஏற்றுக்கொண்டன. ஏறக்குறைய ஒரு வயதானபோது, பால் மறந்து தாயைப் பிரிந்த பிறகும் கூட, கிட்டே போய்த் தடவிக் கொடுக்க இடம் கொடுத்தன. மற்றக் குட்டிகள் விலகி ஓடின.